போட்ட கல்லை எடுக்காத குடும்பம்

பளீல் நானா முதல் பிடி சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துத்தான் மலை ரோடு வளைகிற முடக்கிலிருந்து சத்தம் வந்தது.

"கல்லூ... கல்லூ... நானா, கல்லூ!"

பிடி பீங்கானுக்கே திரும்பியது. மனிதர் எழும்பிய வேகத்தில் கதிரை மூன்று குட்டிக்கரணம் அடித்துக் குசினி வாசலில் போய்க் குந்தியது. சாரனை மடித்துக் கட்டினார். வீட்டு முன்னால் கோபுரமாக அடுக்கியிருந்த வெள்ளைக் கற்களில் இரண்டை எடுத்து இரண்டு கக்கத்திலும் இடுக்கினார். "பிஸ்மில்லாஹ்!" என்று ஒரு முழக்கம். அந்த முழக்கத்துக்கு மாவனல்லையில் கோழி அடைகாக்கிறதை விட்டு எழும்பும், பேராதனைப் பாலம் ஒருதரம் ஆடி நிற்கும் என்று கடுகண்ணாவை ஊர் ஆட்கள் சத்தியம் செய்வார்கள். பாலம் ஆடியதை நேரில் கண்டவர் இல்லை. ஆனால் பளீல் நானா ஓடினால் ரோட்டில் படுத்திருக்கிற நாய்கள் எழும்பி, வாலைச் சுருட்டி, வரிசையாக நின்று வழிவிடும். அதைக் கண்டவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள்.

முடக்கில் மூக்கையாவின் மாட்டு வண்டி நின்றது. நின்றது என்பது தவறு, பின்னால் போய்க்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து கண்டிக் கடைகளுக்குக் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு, கணவாய் ஏற்றத்தின் முக்கால்வாசியைத் தாண்டி வந்த வண்டி, அந்த வளைவின் ஈரத்தில் சில்லு வழுக்கிப் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. மாடுகள் இரண்டும் குளம்பை ஊன்ற இடமில்லாமல் தத்தளித்தன. மூக்கையா நுகத்தடியில் வௌவால்போலத் தொங்கினான்.

பளீல் நானா வண்டிக்குப் பின்னால் பாய்ந்தார். இடது சில்லுக்கு ஒரு கல், வலது சில்லுக்கு ஒரு கல். டக், டக். வண்டி ஒரு முனகலோடு நின்றது.

"நானா, நீங்க மட்டும் இல்லேன்னா இந்நேரம் என் கருவாடெல்லாம் பள்ளத்து ஆத்துல நீந்திக்கிட்டுப் போயிருக்கும்," என்றான் மூக்கையா மூச்சு வாங்க.

"செத்த மீன் நீந்தாது மூக்கையா. மாட்டுக்கு மூச்சு வரட்டும். வா, ஒரு தேத்தண்ணி குடி."

"என்னா நானா, கையில சோத்துப் பருக்கை ஒட்டிக்கிட்டு இருக்கு. பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்தீங்களா?"

"பாதியா? இன்னும் தொடங்கவே இல்ல. சோறு அங்கேயே ஈக்கும். சில்லு நிக்காதே."

இதை அவர் சும்மா சொல்லவில்லை. அந்த வீட்டில் சூடான சோறு உண்டவர்கள் யாரும் இல்லை. பளீல் நானாவின் வாப்பா தாஸிம், இந்த முடக்கில் தேத்தண்ணிக் கடை போட்ட முதல் வாரமே ஒரு வண்டி பள்ளத்துக்குப் போனதைக் கண்டாராம். அன்றைக்கு நேர்ந்துகொண்டாராம்: இந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருக்கும் வரை இந்த முடக்கில் ஒரு சில்லும் பின்னால் போகக் கூடாது. தாஸிம் கல் போட்டால் வண்டி மட்டுமல்ல, மேலே மலையில் போகிற ரயிலும் ஒரு கணம் தயங்கி நிற்கும் என்பது குடும்பக் கதை. ரயில் இலாகாவைக் கேட்டால் மறுக்கக் கூடும்.

அவர் வகுத்த ஒழுங்கு மூன்று. சத்தம் கேட்டால் உண்ணுகிறவனும் உறங்குகிறவனும் ஓட வேண்டும். கல்லுக்குக் கைநீட்டி ஒன்றும் வாங்கக் கூடாது. மூன்றாவதுதான் விசேஷம்: போட்ட கல்லைத் திருப்பி வீட்டுக்கு எடுக்கக் கூடாது. கொடுத்த தருமத்தைத் திருப்பி எடுக்கிறவன் கக்கியதைத் தின்கிற நாய்க்குச் சமம் என்று பள்ளிவாசலில் கேட்டதைத் தாஸிம் கல்லுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கல்லும் ஸதகாதானே! அதற்காக ரோட்டின் நடுவில் விட்டுப்போகவும் ஆகாது; அடுத்தவன் இடறி விழுவான். ஆகவே வண்டி நகர்ந்ததும் காலால் ஒரு தள்ளு. கல் உருண்டு மலைப்பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழும். அதோடு அந்தக் கல்லுக்கும் வீட்டுக்கும் தொடர்பு அறுந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் மலையில் புதுக் கல் பொறுக்க வேண்டும். மழை மூட்டத்திலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தாஸிம் கல்லுக்குக் காவி பூசினார். மகன் பளீல் சுண்ணாம்புக்கு மாறினார். அந்தக் குடும்பம் கண்ட முன்னேற்றம் அது ஒன்றுதான்.

ஊரில் பெயர் எப்படி என்று கேட்கவும் வேண்டுமா? பஸ் ஓட்டிகள் முடக்கு வந்ததும் ஹார்ன் அடித்துச் சலாம் வைப்பார்கள். ரோட்டைத் துப்புரவு செய்கிற கூலிகள், "அது நானாவோட முடக்கு, அவரு பாத்துக்குவாரு" என்று மேலாக இலையைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பளீல் நானாவுக்கு அதைக் கேட்டால் நெஞ்சு ஒரு முழம் அகலும்.

வண்டிக்காரன் தேத்தண்ணி குடித்து முடிந்தது. மாடுகள் மூச்சு வாங்கி முடிந்தது. ஆனால் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த நஸீம் மட்டும் இன்னும் ரோட்டில் குந்தியிருந்தான்.

நஸீம் பளீல் நானாவின் ஒரே மகன். பத்தொன்பது வயது. தினமும் ரயிலேறிக் கண்டிக்குப் போய் இங்கிலீஷ் படித்து, போன வருஷம் சோதனை பாஸானவன். ஆறு வயதில் முதல் கல்லைப் போட்டவன். கல் அவனைவிடப் பெரிது, அவன் கல்லைத் தூக்கினானா கல் அவனைத் தூக்கினதா என்று கண்டவர்களுக்கு இன்றுவரை சந்தேகம். இப்போதும் சத்தம் கேட்டால் வாப்பாவுக்கு முந்தி ஓடுகிறவன்தான். ஆனால் கல்லைப் போட்ட பிறகு தேத்தண்ணிக்கு வரமாட்டான். அங்கேயே குந்தி, விரலால் ரோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னடா மகன், ரோட்ட மோந்து பாக்கிற? கருவாடு வண்டியிலதான் ஈக்கி," என்றார் பளீல் நானா.

"வாப்பா, மழை பெஞ்சி மூணு நாளாச்சி. மத்த இடமெல்லாம் காஞ்சி கெடக்கு. இங்க மட்டும் தண்ணி எங்கால வருது?"

"மலையில ஈந்து வருது. மலைய அல்லாஹ் வெச்சான்."

"ரோட்ட மனுசன்தானே வாப்பா வெச்சான்."

பளீல் நானாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வண்டி நகர்ந்ததும் கல்லைக் காலால் கானுக்குள் தள்ளிவிட்டு, ஆறிப்போன சோற்றிடம் திரும்பினார்.

நஸீம் பின்னாலேயே வந்து ஒரு கடிதத்தை நீட்டினான். கண்டியிலுள்ள ரோட்டு இலாகாக் கந்தோரிலிருந்து வந்தது. ரோட்டு வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் வேலை பழக அவனைத் தெரிவு செய்திருந்தார்கள். இரண்டு வருஷம் பயிற்சி. வீட்டை விட்டு, எந்த ரோட்டில் விடுகிறார்களோ அந்த ரோட்டில் தங்க வேண்டும். தகப்பன் சம்மதித்துக் கையெழுத்து வைத்த கடதாசியை அந்த மாதக் கடைசித் திங்களுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவனுக்கு.

பளீல் நானா மென்றுகொண்டிருந்ததை விழுங்க மறந்தார்.

"ரோட்டு வேலையா? சம்பளத்துக்கா?"

"ஓ வாப்பா."

"உண்ட மூத்தவாப்பா சும்மா செஞ்சாரு. நான் சும்மா செய்யிறேன். நீ அதக் கூலிக்குச் செய்யப் போறியா? நாளைக்கி முடக்கில சத்தம் கேட்டா இந்த வீட்டுல ஈந்து யாரு ஓடுற?"

நஸீம் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"இந்த ஆசைய எனக்குத் தந்ததே நீங்கதான் வாப்பா. ஆறு வயசுல என்ட கையில கல்லத் தந்தீங்க. அண்டைக்கி ஈந்து ரோட்டத் தவிர வேறொண்டும் என்ட கண்ணுக்குத் தெரியுதில்ல. ஒவ்வொரு சில்லும் ஏன் இங்கேயே வழுக்குது எண்டு நான் படிக்கணும்."

"வழுக்கினா கல்லுப் போடு. அதுதான் படிப்பு."

கடிதம் அலுமாரிக்குள் போனது. அலுமாரியைப் பூட்டிய திறப்பு பளீல் நானாவின் இடுப்புவாருக்குப் போனது.

நஸீமின் உம்மா ஹபீலா அதிகம் பேசாதவள். மாதத்துக்கு ஒரு வசனம் பேசினால் அது அந்த மாதத்துக்குப் போதும். அன்றைக்குப் பீங்கானை எடுத்துக்கொண்டே அந்த மாதத்து வசனத்தைப் பேசினாள்.

"நஸீம்ட வாப்பா, பின்னுக்குப் போற சில்லுக்குத்தான் கல்லுப் போடுறது. முன்னுக்குப் போற சில்லுக்குப் போட்டுட்டு அதையும் தருமம் எண்டு சொல்லாதீங்க."

பளீல் நானாவுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மற்றவர்கள் மக்காவுக்குப் போக ஏங்குவார்கள். அவர் ஏங்கியது ஒரேயொரு காட்சிக்கு. வயதாகி, முழங்கால் மடங்காமல், கதிரையில் சாய்ந்திருக்கிறார். முடக்கில் சத்தம் கேட்கிறது. தான் எழும்ப முன்னம், உள்ளேயிருந்து மகனின் குரல் "பிஸ்மில்லாஹ்!" என்று முழங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறது. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கே மௌத்தானாலும் சந்தோஷம் என்று இருந்தார். மகன் போய்விட்டால் அந்தக் கதிரையில் அவர் எந்தச் சத்தத்தைக் கேட்பது?

மகனுக்கும் ஏக்கம்தான். அவன் சண்டை பிடிக்கவில்லை, சோற்றைத் தள்ளவில்லை. பின்னேரத்தில் முடக்கின் விளிம்பில் நின்று, கீழே மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். நோன்புப் பெருநாள் பிறைக்கு வானத்தைப் பார்க்கிறவர்கள்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். பளீல் நானா கடைக்குள்ளேயிருந்து அவனைப் பார்ப்பார். இருவரும் ஒரே ரோட்டைத்தான் பார்த்தார்கள்.

இப்படியே நாட்கள் ஓடி, அந்தக் கடைசித் திங்களுக்கு இரண்டு நாள் மிச்சமிருந்த சனிக்கிழமை, மழை பிடித்தது.

மழை என்றால் சாதாரண மழையா? வானத்தில் யாரோ ஒரு குளத்தைக் கவிழ்த்துவிட்டு, போதாததற்கு இன்னொன்றையும் கவிழ்த்தார்கள். தவளைகள் நனைந்துபோய் எங்கே ஒதுங்கலாம் என்று கடை வாசலுக்கு வந்தன. மத்தியானம் ஒரு மணியிருக்கும். முடக்கிலிருந்து சத்தம் வந்தது; வழக்கமான இழுப்பில்லை, கதறல்.

"நானா! ஓடியாங்க நானா!"

மறுபடி மூக்கையாதான். கொழும்புக்குப் போய்த் திரும்பிய அதே வண்டி. வாப்பாவும் மகனும் ஆளுக்கு இரண்டு கல்லோடு ஓடினார்கள். முடக்கு முழுவதும் கணுக்காலுக்கு மேல் சேற்றுத் தண்ணீர் பாய்ந்தது. பளீல் நானா இடது சில்லுக்குக் கல்லை வைத்தார். தண்ணீர் கல்லைப் புரட்டியது. மறுபடி வைத்தார். வண்டி கல்லையும் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. நஸீம் வலப்பக்கம் சில்லைத் தோளால் முட்டிப் பிடித்தான். வண்டி பள்ளத்துக்குப் போகாமல் ஒரு சுழற்று சுழன்று மலைப்பக்கம் சாய்ந்தது. மூக்கையாவின் இடது காளை, வெள்ளையன், கால் தவறிக் கானுக்குள் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மழைக்கு மேலால் கேட்டது.

"ஐயோ வெள்ளையா! கன்னுக்குட்டியில இருந்து கையில வச்சு வளத்தேனே நானா! எங்க வீட்டுல அதுதான் மூத்த புள்ள நானா!"

மூக்கையா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினான். பளீல் நானா மிச்சமிருந்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக, கையிலிருந்த கல்லை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

நஸீம் கானுக்குள் குதித்தான். மாட்டின் கால் கற்களுக்கு நடுவில் இறுகிக் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலே எறிந்தான். முதல் கல் ரோட்டில் வந்து விழுந்தது. வெள்ளை. அடுத்தது வெள்ளை. அதற்கடுத்ததும். சுண்ணாம்பு கரைந்தும் கரையாமலும், பாசி பிடித்தும் பிடிக்காமலும், எல்லாம் பளீல் நானாவின் கற்கள். மாட்டின் கால் விடுபட்டது. ஆனால் நஸீம் நிறுத்தவில்லை. இடுப்புவரை தண்ணீரில் நின்று தோண்டினான். கண்டவர்கள் கடையிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் இறங்கி வந்து கைகொடுத்தார்கள். வெள்ளைக் கற்கள் முடிந்தன. கீழே சிவப்பாக ஒன்று வந்தது. காவி பூசிய கல்.

பளீல் நானா அதைக் குனிந்து எடுத்தார். தாஸிம் வாப்பாவின் கல். வாப்பாவின் கை பட்ட கல்லை அவர் மறுபடி தொடுவார் என்று நினைத்ததே இல்லை.

காவிக் கற்களுக்கும் கீழே ஒரு மதகின் வாய் இருந்தது. மலைத் தண்ணீரை ரோட்டுக்கு அடியால் பள்ளத்துக்குக் கொண்டுபோக, ரோடு வெட்டிய காலத்தில் கட்டியது. அப்படி ஒன்று அங்கே இருந்ததே ஊரில் யாருக்கும் நினைவில்லை. கடைசிக் கல்லை நஸீம் அசைத்தபோது மதகு ஒரு உறுமல் உறுமியது. உறுமல் என்றால், கண்டி யானைகள் எல்லாம் சேர்ந்து ஏப்பம் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. கான் முழுவதும் தேங்கிய தண்ணீர் அதற்குள் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் முடக்கில் ஓடிய வெள்ளம் வற்றி, ரோடு தன் முதுகைக் காட்டியது.

ரோட்டின் ஓரத்தில் ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு வெள்ளையும் சிவப்புமாகக் கல் குவிந்து கிடந்தது. மூக்கையாதான் மாட்டின் தலையை மடியில் வைத்தபடி, குற்றம் சொல்கிற நோக்கமே இல்லாமல், கண்டதை அப்படியே சொன்னான்.

"நானா, இது எல்லாம் நம்ம கல்லு."

மறுநாள் ஞாயிறு. வெயில் எறித்தது. முடக்கு அப்பளம்போலக் காய்ந்தது. வண்டிகள் வந்தன, லொறிகள் வந்தன, பஸ்கள் வந்தன. எல்லாம் ஒரு தயக்கமும் இல்லாமல் மேலே ஏறிப் போயின. பளீல் நானா சாப்பிட உட்கார்ந்தார். ஒரு சத்தமும் இல்லை. சூடான சோறு இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ருசியாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பிடியோடு பீங்கானைத் தள்ளிவைத்தார்.

காது முடக்கிலேயே கிடந்தது. ஒரு லொறியின் சில்லு ஒருமுறை சறுக்கின மாதிரிக் கேட்டதும் பாதி எழும்பிவிட்டார். அது போய்விட்டது. எழும்பினவர் அப்படியே நின்றார். அப்போதுதான் தன்னிடமே கேட்டுக்கொண்டார்: லொறி வழுக்கவில்லை என்று ஏன் எனக்கு மனம் நொந்தது? நான் ஆசைப்பட்டது வண்டிகள் ஏறுவதற்கா, என்னைக் கூப்பிடுவதற்கா?

கொல்லையில் வெள்ளையன் படுத்திருந்தது. காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி வண்டி இழுக்காது. மூக்கையாவுக்கு இரவல் காளை ஒன்று பிடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, வெள்ளையனைப் பளீல் நானா தன்னிடமே வைத்துக்கொண்டார். அதற்குப் புல் போட்டுவிட்டு நிமிர்ந்தவர், மகன் முடக்கின் விளிம்பில் நிற்பதைக் கண்டார். மதகைத் திறந்தவன் என்று ஊரே அவன் தோளில் தட்டிவிட்டுப் போயிருந்தது. அவன் முகத்தில் அதற்கான ஒரு பூரிப்பும் இல்லை. நாளைக்குத் திங்கள்.

பளீல் நானா உள்ளே வந்தார். இடுப்புவாரிலிருந்து திறப்பை எடுத்து ஹபீலாவிடம் நீட்டினார்.

"அந்தக் கடிதத்த எடு புள்ள."

ஹபீலா அந்த மாதத்து வசனத்தை ஏற்கெனவே பேசி முடித்திருந்தாள். கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். சிரிப்பை மட்டும் முந்தானையால் மறைத்தாள்.

திங்கட்கிழமை காலை வாப்பாவும் மகனும் கண்டிக்கு ரயிலேறினார்கள். ரோட்டுக் கந்தோரில் அதிகாரி அம்பிகைபாகன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஓ! நீங்கள்தானே அந்தக் கல்லுப் போடுற பளீல்? இருங்கோ, இருங்கோ. போன மாரிக்கு என்ர காருக்கும் நீங்கள்தான் கல்லுப் போட்டனீங்கள். நல்ல தேத்தண்ணியும் தந்தனீங்கள்."

பளீல் நானா கதிரையில் உட்காரவில்லை.

"ஐயா, அந்தக் கல்லுனாலதான் உங்கட காரு வழுக்கினது. நானும் எங்கட வாப்பாவும் போட்ட கல்லெல்லாம் மதக அடைச்சிட்டு நிண்டிருக்கு. நாங்க ஒரு கையால தள்ளிவிட்டு மத்தக் கையால தூக்கியிருக்கிறோம். முப்பது வருஷம். ஒரு நாளும் குனிஞ்சி பாக்கல்ல."

அம்பிகைபாகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இந்தக் கந்தோருக்கு ஆயிரம் பேர் வாறவை. பிழை தன்ர எண்டு சொல்ல ஒருத்தரும் வந்ததில்லை," என்றார் மெல்ல. பிறகு நஸீமைப் பார்த்து, "உம்மட தகப்பன் சொன்னதை எழுதி வைச்சுக்கொள்ளும் தம்பி. எங்கட புத்தகங்களில இது இல்லை," என்றார்.

பளீல் நானாவுக்கு இங்கிலீஷ் வராது. அரபு எழுத்தில் தன் பெயரை எழுதினார். வலமிருந்து இடமாக நகர்ந்த அந்தப் பேனா, கடைசி எழுத்தில் கொஞ்சம் தயங்கி, பிறகு முடித்தது. நஸீம் வாப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டான். சுண்ணாம்பால் வெடித்த கை.

ஒரு வருஷம் போயிற்று.

நஸீமைத் தெல்தோட்டைப் பக்கத்து மலை ரோட்டில் விட்டிருந்தார்கள். மாதம் ஒரு கடிதம் வரும். ஹபீலா எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பளீல் நானா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: "இங்கே ஒருவரும் 'கல்லூ' என்று கூப்பிடுவதில்லை வாப்பா. ஆனாலும் சில்லுச் சத்தம் மாறினால் என் கால் தானாக ஓடுகிறது. முதலில் கல்லைப் போடுகிறேன். பிறகு கானைப் பார்க்கிறேன். பிஸ்மில்லாஹ் என்று கத்துவதற்கு இங்குள்ள தோட்டத்து ஆட்கள் சிரிக்கிறார்கள்."

அந்த வசனத்தை மட்டும் அவர் ஹபீலாவை நாலு தரம் வாசிக்கச் சொன்னார். அஞ்சாம் தரம் அவள் கடிதத்தை அவர் மடியில் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். கதிரையில் சாய்ந்திருந்த மனிதருக்கு, இருபது மைலுக்கு அப்பால் ஒரு மலை முடக்கில் மகனின் குரல் முழங்கியது காதில் விழுந்தது. அவர் ஏங்கின சத்தம்தான். வாசலில்தான் கேட்கும் என்று நினைத்திருந்தார்.

முடக்கு மௌனமாகத்தான் கிடந்தது. கடையில் வியாபாரமும் அரைவாசியாகிவிட்டது. நிற்காத வண்டியில் யார் தேத்தண்ணி குடிப்பது? சில நாட்களில் அந்த மௌனம் மழையைவிடச் சத்தமாகக் கேட்கும். அப்போதெல்லாம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கானைத் துப்புரவாக்கிவிட்டு வருவார்.

அப்படி ஒரு பின்னேரம். முடக்கிலிருந்து குரல் வந்தது.

"கல்லூ... நானா, கல்லூ!"

பளீல் நானாவுக்குப் பதினாறு வயது திரும்பிவிட்டது. கதிரை மூன்று குட்டிக்கரணம் அடித்தது. வாசலில் மிச்சமிருந்த கல்லில் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிப் பறந்தார். முடக்கில் மூக்கையா வண்டியை நிறுத்திக்கொண்டு, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தான். ரோடு காய்ந்து கிடந்தது.

"ஒண்ணுமில்ல நானா. மாடு நல்லாத்தான் ஏறுச்சு. ஒங்க கல்லப் பாத்து ரொம்ப நாளாச்சு. வெள்ளையனையும் பாக்கணும், ஒரு தேத்தண்ணியும் குடிக்கணும். ஒரு கல்லப் போடுங்க, சும்மா நிக்கட்டும்."

"ஹராங்குட்டி! என்ட நெஞ்சு நிண்டிருக்கும்டா!" என்று ஏசிக்கொண்டே பளீல் நானா கல்லைப் போட்டார். டக். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாள்! இரண்டு பேரும் கொல்லைக்குப் போனார்கள். வெள்ளையன் மூக்கையாவின் கையை நக்கியது. தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு மூக்கையா மாட்டைத் தட்டினான், வண்டி நகர்ந்தது.

பளீல் நானா குனிந்தார். போட்ட கல்லை எடுத்தார். தூசி தட்டிக் கக்கத்தில் இடுக்கினார்.

மூக்கையா கண்டுவிட்டான். "என்னா நானா இது! போட்ட கல்ல வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க? ஒங்க குடும்ப வழக்கம் என்னாச்சு?"

பளீல் நானா நடு ரோட்டில் நின்று, தெல்தோட்டை இருக்கிற திசையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அந்த வழக்கத்துல பாதியத்தான் மூக்கையா நாங்க செஞ்சி வந்தோம். விழுந்தவனத் தூக்குறது பாதித் தருமம். அவன் ஏன் விழுந்தான் எண்டு குனிஞ்சி பாத்து, இனி ஒருத்தனும் விழாமச் செய்யிறதுதான் மத்தப் பாதி. அந்தப் பாதியப் படிக்கத்தான் என்ட மகன் போயிருக்கான். நல்ல வேல செய்யப் போற புள்ளைக்கு, தருமம் எண்டு சொல்லியும் குறுக்கால கல்லுப் போடப்படாது. இத எனக்கு விளங்க வைக்க உன்ட மாடு காலக் குடுத்திச்சி. நீ போ, கண்டியில கடை பூட்டப் போறாங்க."

வண்டி ஏற்றத்தில் ஏறி மறைந்தது. சில்லுச் சத்தம் முற்றாக அடங்கும்வரை பளீல் நானா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கல்லோடு வீட்டுக்கு நடந்தார்.